அபுவைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள்

சென்ற இதழில் அபுவுக்கு ஓர் இரங்கல் கட்டுரை வந்திருக்கிறது. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் முப்பது வருடமாகக் கடை நடத்திய அந்த இந்தியரை, மனம் புண்பட்டதாக நடிக்கும் நாலு அமெரிக்க இந்தியப் பிள்ளைகள் சேர்ந்து தீர்த்துக்கட்டிவிட்டார்களாம். அபு உழைப்பாளியாம், முனைவர் பட்டம் வாங்கியவராம், குடும்பஸ்தராம். அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்மையில் கல்லாவில் உட்கார்ந்த தங்கள் அப்பாக்களைப் பார்த்துக் கூசுகிறவர்களாம். இந்தியாவில் இருக்கிற நமக்கு உறைக்காதது அவர்களுக்கு மட்டும் எப்படி உறைத்தது என்று ஒரு கேள்வி. நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டாபோலு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடைசியில் ஒரு தீர்ப்பு.

கட்டுரை நெடுகப் பாசம் வழிகிறது. ஆனால் அபு செய்த ஒரு காரியம், பேசிய ஒரு பேச்சு அதில் கிடையாது. "நன்றி, மீண்டும் வருக" என்கிற அந்த ஒரே வசனம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஊர் எல்லைப் பலகைகளில் இருப்பதால் அது மட்டும் நினைவில் நின்றிருக்கலாம். ஒருவரைக் காப்பாற்றக் கிளம்புகிறவர் அவரை ஒரு தடவையாவது நேரில் பார்த்திருக்க வேண்டாமா?

முதலில் அபுவின் படிப்பை எடுத்துக்கொள்வோம், கட்டுரையாளர் அதைத்தான் பெரிய சாட்சியாக நிறுத்துகிறார். கல்லூரியில் முதல் மாணவர் என்கிறார். உண்மைதான், 1996இல் வந்த குடியேற்றம் பற்றிய எபிசோடில் அபுவே சொல்கிறார். ஆனால் அந்த வாக்கியம் அத்துடன் முடியவில்லை: கல்கத்தாக் கல்லூரியில் எழுபது லட்சம் பேர் படித்த வகுப்பில் தான் முதல் மாணவன் என்கிறார். சிரிப்பு வருவது அந்த எழுபது லட்சத்தில்தான். கட்டுரையாளர் புகழ்மாலையாகச் சூட்டுவது, ஈசல் மாதிரி மொய்க்கும் இந்தியர்கள் என்ற பழைய கிண்டலின் முன்பாதி. பின்பாதியை விழுங்கிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அபு மட்டமான பாத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் இடம்பெற்ற எபிசோடுகளில் சில அந்தத் தொடரிலேயே மேலானவை. 1992இல் வந்த ஓர் எபிசோடில் ஹோமர் சிம்ப்சன் சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டு ஊர் சுற்றுகிறான். அபுவின் கடையில் பின்னறை மாடத்தில் பிள்ளையார் இருக்கிறார். ஹோமர் அவருக்கு ஒரு வேர்க்கடலையை நீட்டுகிறான். தயவுசெய்து என் கடவுளுக்குக் கடலை கொடுக்காதீர்கள் என்கிறார் அபு. குரல் உயரவில்லை, பதற்றமும் இல்லை, வாடிக்கையாளரிடம் பேசும் அதே மரியாதை. அந்த இடத்தில் கோமாளி ஹோமர்தான். (பிள்ளையாருக்கே சுண்டல் படைக்கிற நமக்குக் கடலையில் பெரிய ஆட்சேபணை இருக்காது என்பது வேறு விஷயம்.) அதே எபிசோடின் முடிவில் ஹோமரின் வீடு பற்றி எரிகிறது. அணைக்க வந்தவர்களில் தன்னார்வத் தீயணைப்பு வீரராக அபுவும் உண்டு. காப்பாற்றியவர்களைப் பாதிரியார் வரிசைப்படுத்துகிறார்: ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் யூதர், அடுத்து அபுவைப் பார்த்து "இதர வகை" என்கிறார். நாங்கள் எழுபது கோடிப் பேர் இருக்கிறோம், இந்துக்கள் என்று அபு வெடிக்கிறார். முன்பு எண்ணிக்கை கிண்டலாக இருந்தது, இங்கே அதே எண்ணிக்கை பதிலடியாக இருக்கிறது. இப்படி எழுதத் தெரிந்தவர்கள்தான் அந்த எழுத்தாளர்கள். அதனால்தான் அவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. எழுதத் தெரியாதவனிடம் என்ன கேட்பது?

கட்டுரையாளர் தொடவே தொடாத விஷயம் குரல். அபுவுக்கு முப்பது வருடம் குரல் கொடுத்தவர் ஹாங்க் அஸாரியா, வெள்ளைக்காரர். 1998இல் அபுவின் குரலுக்காகவே எம்மி விருது வாங்கினார். அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தார் என்பதற்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார்: லாஸ் ஏஞ்சலஸ் கடைகளில் கேட்ட பேச்சு கொஞ்சம், 1968இல் வந்த 'தி பார்ட்டி' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு நடித்த ஹ்ருண்டி பக்ஷி நிறைய. அதாவது, இந்தியராக வேஷம் கட்டிய ஆங்கிலேயரை ஓர் அமெரிக்கர் நகலெடுத்தார். எந்த இந்தியரும் அப்படிப் பேசியதில்லை. "இந்தியர்களின் உச்சரிப்பு அப்படித்தானே இருக்கிறது" என்று கட்டுரையாளர் எழுதுகிறார். எந்த மாநிலத்தில், எந்தத் தாய்மொழிக்காரர் என்று சொல்லட்டும். அபு வங்காளி என்பது தொடரின் கணக்கு. எந்த வங்காளியின் ஆங்கிலம் அது?

பெயரைப் பற்றியும் ஒரு பெருமை அடித்திருக்கிறார். அபு என்று பெயர் வைத்தது சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' முதலான மூன்று படங்களுக்குச் செய்த மரியாதையாம். தொடரை உருவாக்கிய மாட் கிரெய்னிங்கும் அப்படித்தான் சொல்கிறார், இருக்கட்டும். ஆனால் 'தி பார்ட்டி' படத்தில் செல்லர்ஸ் தன் வீட்டுச் செல்லக் குரங்கைப் பற்றிப் பேசுகிற ஒரு வசனம் உண்டு. குரங்கின் பெயர் அபு. ராயின் 'தி ஏலியன்' படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டிருந்த காலத்தில் செல்லர்ஸ் பேசிய வசனம் அது. அந்தப் படம் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. ராய் இதை மறக்கவில்லை, எழுதியும் வைத்திருக்கிறார். ராயிடமிருந்து பெயரையும், குரங்குக்கு அந்தப் பெயரை வைத்த படத்திலிருந்து குரலையும் எடுத்துச் சேர்த்தால் அதற்கு மரியாதை என்றா பெயர்?

குரல் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. அஸாரியா முன்பு ஒரு பேட்டியில் சொன்னது: இந்தியக் குரல் வருமா, எந்த அளவுக்கு மட்டமாகச் செய்ய முடியும் என்று தன்னிடம் கேட்டார்கள். தொடரின் மூத்த எழுத்தாளர் மைக் ரீஸ் சொல்வது வேறு. கடை ஊழியர் இந்தியர் அல்ல என்று ஸ்கிரிப்டிலேயே எழுதி வைத்திருந்தோம், அது அரைத்த மாவு என்பதால் வேண்டாம் என்று நினைத்தோம். அஸாரியா வாசிப்பின்போது அந்தக் குரலில் பேசியதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அப்படியே வைத்துக்கொண்டோம் என்கிறார். எது நிஜமோ, தெரியாது. ரீஸ் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் சொன்னார். ஆனால் இரண்டில் அதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. அபு முதலில் தோன்றிய எபிசோடு 1990 பிப்ரவரியில் வந்தது. இந்தியக் கடைக்காரர் என்பது தேய்ந்துபோன கிண்டல் என்று அன்றைக்கே அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2018 ஏப்ரலுக்கு வாருங்கள். கொண்டாபோலுவின் 'தி ப்ராப்ளம் வித் அபு' ஆவணப்படம் 2017 நவம்பரில் வெளியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொடர் ஓர் எபிசோடில் அதற்குப் பதில் சொன்னது. ஹோமரின் மகள் லிசா கேமராவைப் பார்த்து, பல வருடங்களுக்கு முன் யாரையும் புண்படுத்தாமல் பாராட்டு வாங்கிய ஒன்று இன்று தவறாகிவிட்டது, என்ன செய்ய முடியும் என்கிற மாதிரிப் பேசுகிறாள். பக்கத்தில் சட்டமிட்ட அபுவின் படம். யாரையும் புண்படுத்தாமலா? தேய்ந்த கிண்டல் என்று தெரிந்துதானே முதலில் ஒதுக்கினீர்கள்? கட்டுரையாளர் லிசாவின் அந்தப் பேச்சைத் தங்கத் தட்டில் ஏந்தி வருகிறார். "காலம் மாறியதற்குக் கலைஞன் எப்படிப் பொறுப்பாவான்" என்கிறார். காலம் மாறியதுதான் காரணம் என்றால், ரீஸின் கதையை அவர் என்ன செய்வார்?

அந்தப் பேச்சை லிசா வாயில் வைத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1995இல் லிசா மாமிசம் சாப்பிடுவதை விட்ட எபிசோடு ஒன்று உண்டு. வீட்டில், பள்ளியில், எல்லா இடத்திலும் சண்டை போட்டுவிட்டுத் தோற்றுப்போய் ஹாட் டாக் சாப்பிட அபுவின் கடைக்கு வருகிறாள். நீ சாப்பிட்டது சோயாவில் செய்தது, ரொம்ப நாளாய் இதைத்தான் விற்கிறேன், யாருக்கும் தெரியாது என்கிறார் அபு. குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ரகசியப் படி வழியாக அவளை மொட்டை மாடித் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார். அங்கே பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும் இருக்கிறார்கள், இருவரும் தங்கள் சொந்தக் குரலிலேயே பேசினார்கள். தான் பால்கூடத் தொடுவதில்லை என்று அபு சொன்னதும், பாலாடைக்கட்டி சாப்பிடும் என்னை ராட்சசி என்று நினைப்பீர்கள் என்கிறாள் லிசா. ஆமாம், நினைக்கத்தான் செய்கிறேன், ஆனால் என் நம்பிக்கையை அடுத்தவர் மேல் திணிக்காமல் இருக்க எப்போதோ கற்றுக்கொண்டேன் என்று பதில் வருகிறது. அமெரிக்கக் கார்ட்டூனில் ஓர் இந்தியர் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு நேர்மையாக, இவ்வளவு அன்பாகப் பாடம் சொன்ன காட்சி வேறு எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தையை வைத்தே இருபத்து மூன்று வருடம் கழித்து அவரை "என்ன செய்ய முடியும்" என்று கைவிட வைத்தார்கள். அபுவை அவமதித்தது யார் என்று கட்டுரையாளர் தேடினால் இங்கே ஆரம்பிக்கலாம்.

"சிம்ப்சன்ஸ் எல்லோரையும்தான் கிண்டல் செய்கிறது, ஸ்காட்லாந்துக்கார வில்லி இல்லையா, இத்தாலிய லூயிஜி இல்லையா" என்பது அடுத்த வாதம். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வில்லியைப் பார்த்துவிட்டு அமெரிக்கப் பள்ளி மைதானத்தில் எந்தச் செம்பட்டை முடிப் பையனையும் யாரும் துரத்தவில்லை. ஏனென்றால் அதே டிவியில் டாக்டராக, போலீஸாக, காதலனாக, கொலைகாரனாக நூறு வெள்ளைக்காரர்கள் வந்துபோனார்கள். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினர் எட்டு லட்சத்துச் சொச்சம், மொத்தம் இருபத்து நாலே முக்கால் கோடியில். டிவியில் அவர்கள் சார்பில் வாராவாரம் வந்தவர் ஒரே ஒருவர், அவரும் மையில் வரைந்தவர், குரலும் இரவல். இன்னொன்றையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். நான் முன்பு சொன்ன 1996 எபிசோடில் ஊரார் வெறி பிடித்துப்போய், சட்டவிரோதமாகத் தங்கியவர்களை நாடு கடத்தும் தீர்மானம் 24ஐ வாக்கெடுப்பில் நிறைவேற்றுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 1994இல் உண்மையாகவே வந்த தீர்மானம் 187ஐ வைத்துச் செய்த கிண்டல் அது. கடைசியில் கப்பல் ஏற்றப்படுவது வில்லி. அது ஏன் சிரிப்பு வருகிறது? வெள்ளைக்காரனை நாடு கடத்துவார்கள் என்று யாருமே எதிர்பார்க்க மாட்டார்கள் என்பதால். வில்லியும் அபுவும் ஒரே தராசில் இல்லை என்பது அந்தத் தொடருக்குத் தெரியும். தெரியாதது அதன் வக்காலத்துக்காரர்களுக்குத்தான்.

அதே எபிசோடில் நான் மறுபடி மறுபடி பார்க்கும் காட்சி ஒன்று இருக்கிறது. நாடு கடத்தலுக்குப் பயந்து, ஃபேட் டோனி என்ற தாதாவிடம் அபு போலிக் குடியுரிமைத் தாள் வாங்கிவிடுகிறார். கௌபாய் தொப்பியும் பேஸ்பால் பனியனும் போட்டுக்கொண்டு, அமெரிக்கர் மாதிரி உச்சரித்துப் பேசுகிறார். நியூயார்க் மெட்ஸ் அணியின் பெயரைக்கூட எழுத்துக்கூட்டித் தப்பாகச் சொல்கிறார். பிள்ளையார் இருந்த மாடத்தில் சினிமாப் பத்திரிகை. அட்டையில் இருக்கும் நட்சத்திரத் தம்பதியின் செத்த கண்களே போதும், விநாயகரின் கருணை எதற்கு என்கிறார், சொல்லிக்கொண்டே உடைந்து அழுகிறார். அழும்போது பழைய குரல் திரும்பிவிடுகிறது. இவ்வளவு நல்ல காட்சியை எழுதியவர்களை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அஸாரியா தன் சொந்தக் குரலுக்குக் கிட்டத்தட்ட வந்தது அங்கேதான், அதைத்தான் தொடர் "வேஷம்" என்கிறது. அவர் வேஷம் கட்டிப் பேசிய குரலை "உண்மையான அபு" என்கிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பிறந்தவர் அஸாரியா. மெட்ஸ் அணியின் மைதானமும் அங்கேதான். கொண்டாபோலு பிறந்து வளர்ந்ததும் அதே குவீன்ஸ். இரண்டு பேரும் ஓர் ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவருடைய முகத்தைப் பார்த்து மட்டும் ஊரார், நீ மெட்ஸ் என்று சரியாகச் சொல்லத் தெரியாத ஆள் என்றார்கள்.

கார்ட்டூன்தானே, விடுங்களேன் என்கிறார் கட்டுரையாளர். விடுகிறேன், இதற்குப் பதில் சொல்லிவிட்டு. 1994 எபிசோடில் அபு நடிகர் ஜேம்ஸ் வுட்ஸைக் காப்பாற்றக் கொள்ளைக்காரனின் துப்பாக்கிக்குக் குறுக்கே பாய்கிறார். குண்டு பாய்ந்தும் பிழைக்கிறார். எப்படி? பழைய கொள்ளையொன்றில் நெஞ்சில் தங்கிவிட்ட இன்னொரு குண்டில் பட்டு இது தெறித்துவிட்டதாம். சரியான ஜோக், நானும் சிரித்தேன். 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் மெஸா நகரில் பல்பீர் சிங் சோதி தன் பெட்ரோல் பங்க் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து, அவருடைய தலைப்பாகையைப் பார்த்து. கார்ட்டூன் அவரைக் கொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவன் முட்டாள். ஆனால் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் குண்டடி படுவது சிரிப்பு என்று ஒரு தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் கற்றுக்கொண்டார்கள். அதைப் பற்றி அந்தக் கல்லாக்காரர்களின் பிள்ளைகள் பேசக் கூடாது என்று இங்கிருந்து ஒருவர் உத்தரவு போடுகிறார்.

"இந்தியாவில் யாருக்கும் உறைக்கவில்லையே" என்பதற்கு வருகிறேன். எப்படி உறைக்கும்? மதுரையிலோ கோவையிலோ படித்த பையனை யாரும் அபு என்று கூப்பிட்டதில்லை. நாம் இந்தத் தொடரை ஆங்கிலச் சேனலில், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த பெருமையோடு, ஹோமரின் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்கள். அடி வாங்கியவன் எதிரே நிற்க, தெருவில் போகிறவனிடம் வலிக்கிறதா என்று விசாரிக்கிற நியாயம் இது. நமக்கு உறைக்கிற இடம் வேறு. 'தி பார்ட்டி' வந்த அதே 1968இல்தான் இந்தியில் 'படோசன்' வந்தது. மெஹ்மூத் அதில் குடுமியும் வேட்டியுமாக, கொச்சை இந்தி பேசும் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்தார். பம்பாய்த் தமிழர்களிடம், டில்லித் தமிழர்களிடம் அந்தக் குரலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், படம் நன்றாக இருந்தது என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் என்ன சொல்கிறார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

அப்பாக்களைப் பார்த்துக் கூசுகிறார்கள் என்று எழுதியதுதான் அந்தக் கட்டுரையிலேயே மோசமான இடம். 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தியாவிலிருந்து முதலில் போனவர்களில் மருத்துவர்களும் இன்ஜினியர்களும் நிறைய. அவர்கள் மூலம் பின்னால் வந்த அண்ணன் தம்பி, மச்சான் உறவுகளில் பலர் மோட்டல் எடுத்தார்கள், கடை எடுத்தார்கள், இரவு பகல் பார்க்காமல் உழைத்தார்கள். கடை நடத்துவது கேவலம் என்று கொண்டாபோலு எங்கேயும் சொல்லவில்லை. 2012இலேயே ஒரு டிவி நிகழ்ச்சியில் அவர் சொன்னது இதற்கு நேர்மாறானது: தன் அப்பாவைக் கிண்டல் செய்யும் வெள்ளைக்காரனை நகலெடுக்கும் இன்னொரு வெள்ளைக்காரன்தான் அபுவின் குரல் என்றார். அப்பாவுக்காகப் பரிந்து பேசிய பிள்ளையை, அப்பாவைப் பார்த்துக் கூசுகிறவன் என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! படத்தைப் பார்க்காமல் எழுதும் துணிச்சல் அது. பார்த்திருந்தால், அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி அதில் உட்கார்ந்து பேசுவது கண்ணில் பட்டிருக்கும். "வேலை வெட்டி இல்லாத நாலு பேர்" கணக்கில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய இன்னொருவர் அஸீஸ் அன்சாரி. தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம் தம்பதியின் மகன், தென் கரோலினாவில் பிறந்து வளர்ந்தவர். 2015இல் வந்த அவருடைய 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் டிவியில் வரும் இந்தியர்களைப் பற்றி ஓர் எபிசோடே உண்டு. நாயகன் நடிப்புத் தேர்வுக்குப் போனால் இந்திய உச்சரிப்பில் பேசச் சொல்கிறார்கள், மறுக்கிறான், வேலை போகிறது. அபு ஒருவர்தான் திரையில் இருக்கிறார் என்றால், அடுத்து வரும் ஒவ்வொருவரும் அபுவாகப் பேசித்தான் சோறு சாப்பிட வேண்டும் என்பதே நடைமுறை. தொழில் போன கதையை மனம் புண்பட்ட கதையாகச் சுருக்குவது கட்டுரையாளருக்கு வசதி.

சரி, அபுவின் வாயை மூடியது யார்? கொண்டாபோலு அல்ல. தான் சிம்ப்சன்ஸ் ரசிகன் என்றும், அபுவைத் தூக்கக் கூடாது, புத்திசாலித்தனமாக வழி கண்டுபிடியுங்கள் என்றும் அவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வழி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 2016 ஜனவரி எபிசோடில் அபுவின் சகோதரர் மகன் ஜெய் வருகிறான். அமெரிக்காவில் வளர்ந்தவன், குரல் இந்திய வம்சாவளி நடிகர் உத்கர்ஷ் அம்புட்கர். பெரியவர் முகத்துக்கு நேராகவே, நீங்கள் ஒரு வார்ப்பு பொம்மை என்கிறான். கடையை நாகரிகமாக மாற்றுகிறான், இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். தலைமுறைச் சண்டையை நம்மவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளும் ஒரு கதை, தொடரின் சொந்தக் கிடங்கிலேயே தயாராக இருந்தது. ஆவணப்படம் வந்ததும் அதை எடுத்து வளர்க்கவில்லை. லிசாவைத் தோளைக் குலுக்க வைத்தார்கள். ஜனங்களுக்கு மனம் புண்பட்டதாக நடிக்கப் பிடிக்கிறது என்று கிரெய்னிங் ஒரு பத்திரிகையில் சொன்னார்.

2020 ஜனவரியில் அஸாரியா இனி அபுவுக்குப் பேச மாட்டேன் என்றார். ஜூனில், வெள்ளையர் அல்லாத பாத்திரங்களுக்கு வெள்ளை நடிகர்கள் இனிக் குரல் கொடுக்க மாட்டார்கள் என்று தொடர் அறிவித்தது. நல்லது. அஸாரியாவே பேசிவந்த கார்ல் என்ற கறுப்பினப் பாத்திரத்துக்கு அலெக்ஸ் டெசர்ட் வந்தார். டாக்டர் ஹிப்பர்ட்டுக்குக் கெவின் மைக்கேல் ரிச்சர்ட்சன் வந்தார். 'ஃபேமிலி கை' தொடரில் கிளீவ்லாந்து என்ற பாத்திரத்துக்கு ஆரிஃப் ஸஹீர் வந்தார். யாரும் ரத்தாகவில்லை, உலகம் இடிந்து விழவில்லை. அபுவுக்கு மட்டும் ஆள் தேடவில்லை. கூட்டக் காட்சிகளில் எங்காவது ஓரமாக, வாய் திறக்காமல் நிற்கிறார். அம்புட்கர் இருக்கிறார், அன்சாரி இருக்கிறார், கேட்டால் கொண்டாபோலுவே வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்கவில்லை. புதுக் குரலில் பேசும் அபுவை எப்படி எழுதுவது என்று யோசிக்கச் சோம்பல், யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இரண்டும் சேர்ந்து வாயடைத்துவிட்டு, பழியை விமர்சகர்கள் மேல் போட்டுவிட்டது ஒரு பெரிய ஸ்டூடியோ. அந்தப் பழியை எட்டாயிரம் மைல் தாண்டிச் சுமந்து வந்து நம் பத்திரிகையில் இறக்கி வைத்திருக்கிறார் கட்டுரையாளர்.

மன்னிப்பு விஷயம் பாக்கி இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஒருவர் மன்னிப்புக் கேட்டார், அது அஸாரியா. ஒரு பாட்காஸ்ட்டில், இந்த நாட்டில் இருக்கும் ஒவ்வொரு இந்தியரிடமும் தனித்தனியே போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது என்றார். தன் மகன் படிக்கும் பள்ளியில் இந்தியப் பிள்ளைகளிடம் பேசியதையும் சொன்னார். அவர்களில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் சிம்ப்சன்ஸ் பார்த்ததே இல்லையாம். ஆனால் அபு என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியுமாம்.